உப்பும் பாச்சா உருண்டையும் கலந்த கந்தசாமிக்கு

என் அருமை மாப்ளைக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால், "செத்தவன்கிட்டப் போயி நலம் விசாரிக்கிறியே, உனக்கெல்லாம் யாரு எஸ்டேட் ரைட்டர் வேலை குடுத்தது?" என்று அங்கிருந்தே சத்தம் போடுவாய். இங்கே நாங்கள் நலம். என் வீட்டுக்காரி தெரசுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தலைச்சோலைப் பக்கம் காபிப் பழம் பறித்துக்கொண்டிருக்கிறார்கள். சனி, ஞாயிறு வந்தால் ஏரி ரோட்டில் நடக்க முடியவில்லை, அவ்வளவு வண்டிகள். கடைவீதியில் மளிகைக் கடைக்காரர்கள் சிலர் முன்னைவிட நிம்மதியாக மூச்சு விடுவது போலத் தெரிகிறது. காரணம் உனக்கே தெரியும்.

கிறிஸ்துமஸ் கேக்கை எடுத்துக்கொண்டு பழக்கத்தில் உன் வீட்டு வாசல் வரைக்கும் போய்விட்டேன். பூட்டைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்து நானே இரண்டு துண்டு தின்றுவிட்டு வந்தேன்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. உன் மகள் கவிதாதான், "நேர்ல பேசற மாதிரியே எழுதுங்க, நாலு பேரு படிச்சாலும் பரவால்லைங்க" என்றாள். அதனால் மற்றவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். உன்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

கந்தசாமி என்பவன் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உதவியாளராக இருந்தவன். சம்பளம் பள்ளிக்கூடத்தில் வாங்கினாலும் அவனுடைய உண்மையான வேலை ஊருக்குள்தான். எந்தப் பொருளில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுவான். யாரும் கேட்காமலேயே சொல்லுவான். அதுதான் பிரச்சினை.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் வைத்திருந்தாயே, அதனால் உன் ஏடிஎம் கார்டு எத்தனை முறை கெட்டுப்போனது? டீக்கடையில் டீ சொல்லிவிட்டு, அது வருவதற்குள் டீத்தூள் டப்பாவை இழுத்து, காகிதத்தில் கொட்டி, அடியில் காந்தத்தை ஓட்டி இரும்புத்தூள் இருக்கிறதா என்று பார்ப்பாய். மிளகை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதை எல்லாம் எடுத்து நசுக்கி, "இது பப்பாளி வெதை, மாப்ள" என்பாய். மிளகுக் கொடி ஏறாத மரமே இல்லாத ஊரில் பப்பாளி விதையைத் தின்ன வைத்தார்களே என்று உனக்கு அவ்வளவு ஆத்திரம். எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு வாங்கிய சாம்பிராணியைக்கூட நீ விட்டுவைக்கவில்லை. பாதி மரத்தூள் என்று பங்குச் சாமியாரிடமே போய்ச் சொன்னாய். அந்த வருடம் மாதா பவனி புகையே இல்லாமல் நடந்தது.

போதும். உன்னைப் பற்றி இவ்வளவு சொன்னால்தான் நாங்கள் செய்த தப்பு எத்தனை பெரியது என்று படிக்கிறவர்களுக்கு விளங்கும்.

நீ மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கவிதா சென்னையிலிருந்து ஓடி வந்தாள். தகனம் முடிந்த மறுநாள் காலை சுடுகாட்டில் பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, சாம்பலையும் சேர்த்துப் புது மண்பானையில் போட்டு, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டினார்கள். புரட்டாசி அமாவாசை அன்று பவானி கூடுதுறையில் கரைப்பது என்று முடிவானது. அதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதுவரை பானையை எங்கே வைப்பது? அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது உங்கள் வழக்கம். வெளியே மரத்தில் கட்டித் தொங்கவிடலாம் என்றால், ஏற்காட்டு மழையும் குரங்கும் சும்மா இருக்குமா?

கவிதா என்னைத்தான் பார்த்தாள். "மாமா, உங்க எஸ்டேட் கொட்டகையில ஒரு மூலையில வெச்சுக்கிறீங்களா? அமாவாசைக்கு நான் வந்து வாங்கிக்கிறேனுங்க. உங்களை உட்டா எனக்கு வேற யாருங்க இருக்கறாங்க?"

அம்மாவும் இல்லாத பெண். அண்ணன் தம்பி கிடையாது. "குடு கண்ணு, எங்கண்ணு மாதிரி பாத்துக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு வந்து, வேலையாட்களின் பேர் எழுதுகிற என் அறைக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில், உயரமாக ஒரு பலகை அடித்து அதன்மேல் உன்னை உட்காரவைத்தேன். தினமும் காலையில் "என்ன மாப்ள, குளிருதா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன்.

அமாவாசைக்கு முதல் நாள், சனிக்கிழமை. காலையில் தெரசு காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு சொன்னாள்.

"ஏனுங்க, நாளைக்கு அந்தப் புள்ளை வருதில்லைங்க. அண்ணனைப் பத்திக் கவலையே படாதீங்க. பானைத் துணியில பூசணம் பூத்துக் கெடந்துச்சுங்க. எனக்கு மனசே கேக்கலை. துணிய மாத்திட்டு, நம்ம பொடிய ரெண்டு கை அள்ளிப் போட்டு, அடி வரைக்கும் நல்லாக் கலக்கி உட்டுட்டேன். இனி ஒரு பூச்சி அண்டாது."

நம்ம பொடி என்றால் உனக்குத் தெரியும். மழைக்காலத்தில் இந்த ஊரில் செருப்பு, பெல்ட், பைபிள் அட்டை, ஆர்மோனியப் பெட்டி எல்லாவற்றிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம் பூக்கும். அதற்குத் தெரசு கண்டுபிடித்த மருந்து அது. பாச்சா உருண்டையை இடித்துத் தூளாக்கி, பொடி உப்போடு சேர்த்து, பெட்டிக்கு ஒரு முடிச்சாகப் போட்டு வைப்பாள். உப்பு ஈரத்தைக் குடிக்கும், உருண்டை பூச்சியை விரட்டும் என்பது அவள் கணக்கு. அந்த வாசனை உனக்குச் சுத்தமாக ஆகாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே எட்டுத் தும்மல் போடுவாய். "உன் ஊட்டுக்குள்ள வந்தா துணிப் பொட்டிக்குள்ள எறங்குன மாதிரி இருக்குது மாப்ள" என்பாய்.

அந்தப் பொடியை, உனக்குள் போட்டு, அடி வரைக்கும் கலக்கியிருக்கிறாள்.

காபியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். நான் கத்தியதை எழுத விரும்பவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அவளை அப்படிப் பேசியதில்லை. பாவம், அவள் முகம் வாடிப்போய்விட்டது. "எங்கண்ணன் பூசணம் புடிச்சுப் போகக் கூடாதுன்னுதானுங்க போட்டேன்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் கலப்படத்தைக் கண்டுபிடித்தவனைக் கலப்படமாக ஆற்றில் விடுவதா? அதுவும் என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போன பெண்ணின் கையால்? மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் வந்து நிற்பாள். அதற்குள் உன்னைப் பழையபடி உன்னாக்க வேண்டும்.

எனக்கு ஞாபகம் வந்த ஒரே ஆள் கொட்டச்சேடு ஊர்ச் செல்வி. உன்னிடம் வேலை பழகி, உனக்குப் பிறகு அந்த ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறாளே, அவள்தான். போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு மாதிரியான சத்தம். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"சிரிக்கிறியா சாமி?"

"மன்னிச்சுக்கோங்க, என்னால முடியலைங்க. எத்தனை கை உப்புங்க, எத்தனை கை உருண்டைங்க? இருங்க, வர்றேன். அதுக்குள்ள பானைய யாரும் தொடாதீங்க."

அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். வந்தவள் பானைக்கு முன்னால் ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றாள். "உங்க சார் உனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருப்பாருல்ல?" என்று கேட்டேன். "எங்கீங்க, கண்ணாடிய ஒடைக்காத, ஒடைக்காதன்னு மட்டுந்தான் நாலு வருசமாச் சொன்னாரு" என்றாள். நீ அப்படித்தான் சொல்லியிருப்பாய்.

பானையைத் திறந்து ஒரு பெரிய வெள்ளைத் தாளில் கொட்டினோம். மாப்ள, உன்னை அப்படிப் பார்க்க எனக்கு முதலில் தைரியம் வரவில்லை. பிறகு பார்த்தேன். சாம்பல் வெளுப்பாக இருந்தது, உப்பு வெள்ளையாக இருந்தது, பாச்சா உருண்டைத் தூள் அதைவிட வெள்ளையாக இருந்தது. எது எது என்று பிரித்துச் சொல்ல என் கண்ணால் ஆகவில்லை.

பெரிய எலும்புத் துண்டுகள் பிரச்சினையே இல்லை. தெரசு தன் மாவுச் சல்லடையைக் கொண்டுவந்து நீட்டினாள். சலித்ததும் துண்டுகள் மேலே நின்றன. ஒவ்வொன்றையும் துடைத்து வாழையிலையில் வைத்தோம். செல்வி தூளின்மேல் ஒரு காந்தத்தை ஓட்டினாள். அது உன் காந்தம்தான், கவிதா அவளுக்குக் கொடுத்திருக்கிறாள். ஒரே ஒரு சின்ன ஆணி ஒட்டிக்கொண்டு வந்தது. பாடையில் அடித்ததாக இருக்கும். அது தெரசின் கைவேலை இல்லை என்று மூன்று பேரும் ஒப்புக்கொண்டோம். காலையிலிருந்து முதல் தடவையாகத் தெரசு லேசாகச் சிரித்தாள்.

மிச்சம் இருந்த தூள்தான் தலைவலி. தெரசு முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள், புடைத்துப் பார்க்கலாம் என்று.

"அய்யோ வேண்டாமுங்கம்மா! பொடைச்சீங்கன்னா மொதல்ல பறக்கறது சார்தான். உப்பெல்லாம் முறத்துலயே நிக்கும்."

நான் என் பங்குக்கு, எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டுவிடலாமே, உப்பு கரைந்துவிடுமே என்றேன். அவள் தலையை ஆட்டினாள். உப்பு கரையும். ஆனால் பாச்சா உருண்டை கரையாது, சாம்பலோடு சேர்ந்து சேறாகிவிடும். அந்தச் சேறு காய்ந்தால்தான் உருண்டையைப் பிரிக்க முடியும், இந்தப் பனிமூட்டத்தில் அதற்கு ஒரு வாரம் ஆகும். முதலில் அனுப்ப வேண்டியது உருண்டையைத்தான் என்றாள். அதற்கு ஒரு குணம் இருக்கிறதாம். லேசாகச் சூடு காட்டினால் அது உருகக்கூட வேண்டியதில்லை, நேராக ஆவியாகப் போய்விடும். குளிர்ந்த இடத்தில் பட்டால் மறுபடி கட்டியாகிவிடும். பதங்கமாதல் என்று பள்ளிக்கூடத்தில் நாமும் படித்திருப்போம். நான் அன்று வகுப்பில் இருந்தேனா என்று தெரியவில்லை. உப்புக்கும் சாம்பலுக்கும் அந்தக் குணம் கிடையாது, எவ்வளவு ஆவி காட்டினாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

கொட்டகைக்கு வெளியே மூன்று கல் கூட்டி, அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்தோம். அதன்மேல் தாம்பாளம். தாம்பாளத்தில் உன்னைப் பரப்பி, மேலே ஒரு அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து, சட்டியின் முதுகில் ஈரத்துணி போட்டோம். "தண்ணி கொதிக்கக் கூடாதுங்க, ஆவி பறந்தாப் போதும். நெருப்பு நேராப் பட்டா உருண்டை குப்புன்னு புடிச்சுக்கும்" என்று செல்வி விறகை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது தெரசு மெதுவாக ஒன்று கேட்டாள். "ஏனுங்க, ஒருக்கா எரிச்சது பத்தாதா? மறுக்காவும் அடுப்புல வெக்கிறமே."

உர மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். செல்விதான் சொன்னாள்: "இது எரிக்கறது இல்லீங்கம்மா. வெந்நித் துணியில ஒத்தடம் குடுக்கறமில்லைங்க, அந்தச் சூடுதான். சாருக்கு முதுகு வலின்னா நீங்களே குடுத்திருக்கீங்களே." உண்மைதான். போன மார்கழியில்கூடக் கொடுத்தாள். அதன்பிறகு தெரசே துணியை நனைத்து நனைத்துப் போட ஆரம்பித்தாள்.

அரை மணி கழித்துச் சட்டியைத் தூக்கினோம். உள்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகச் செதில் படிந்து மினுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீ இருந்திருந்தால் ஊரையே கூப்பிட்டுக் காட்டியிருப்பாய். கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி கவிழ்த்தோம். இட்லி மாதிரி நாலு ஈடு எடுக்க வேண்டியிருந்தது. பக்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டு ஆட்கள் என்ன வேகுகிறது என்று கேட்டார்கள். "கந்தசாமி" என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை, நல்ல வேளை.

நாலாவது ஈட்டில் சட்டி காலியாக வந்தது. தெரசு குனிந்து தாம்பாளத்தை முகர்ந்து பார்த்தாள். மலையிலேயே கூர்மையான மூக்கு அவளுடையது. "இன்னுங் கொஞ்சூண்டு இருக்குதுங்க, நொம்பக் கொஞ்சம்" என்றாள். அதற்குமேல் போகாது என்று செல்வி சொல்லிவிட்டாள்.

அடுத்து உப்பு. இதுதான் சுலபம் என்று நான் நினைத்தேன். தூளைத் தண்ணீரில் போட்டுக் கலக்கி, நான் இன்னும் கட்டாத புது வேட்டியை நாலாக மடித்து அதில் வடித்தோம். சாம்பல் துணியில் நின்றது. உப்புத் தண்ணீர் கண்ணாடி மாதிரி கீழே இறங்கியது. இரண்டு முறை அலசி, சாம்பலை ஈரமாகவே எலும்புத் துண்டுகளோடு பானையில் திரும்பப் போட்டோம். அலசிய தண்ணீர் முழுவதும் மூடி போட்ட ஒரு தூக்குப்போசிப் பாத்திரத்தில் சேர்ந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. மணி நாலுகூட ஆகவில்லை, வேலை முடிந்தது.

தெரசு எந்தத் தண்ணீரையும் வீணாக்க மாட்டாள். போசியைத் தூக்கிக்கொண்டு ஆரஞ்சுச் செடிப் பக்கம் நடந்தாள்.

"ஊத்தீராதீங்கம்மா!" என்று செல்வி போட்ட சத்தத்தில் காக்காய் எல்லாம் பறந்தது.

அந்தத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னாள். விட்டேன். விரலும் விரலும் தேய்க்கும்போது சோப்புத் தண்ணீர் போல வழுவழுவென்று இருந்தது. வெறும் உப்புத் தண்ணீர் அப்படி இருக்காது இல்லையா?

"சாம்பல்லயும் தண்ணியில கரையறது கொஞ்சம் இருக்குதுங்க. உப்பு கரையறப்போ சாரும் கொஞ்சம் கரைஞ்சு எறங்கிட்டாரு. ரெண்டும் இப்ப ஒரே தண்ணிக்குள்ள இருக்குது."

"அதையும் பிரிச்சிரலாம்ல?"

"வத்த வெச்சு, படிகம் படிகமா எடுத்துப் பாக்கோணுங்க. வாரக் கணக்குல ஆகும். அப்பவும் முழுசாப் பிரிஞ்சு வராது. நாளைக்கு ஏழு மணிக்குள்ள, சத்தியமா முடியாதுங்க."

மூன்று பேரும் அந்தப் போசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். உருண்டையைப் பிரித்தோம். ஆணியைப் பிரித்தோம். உப்பிடமிருந்து மட்டும் உன்னைப் பிரிக்க முடியவில்லை. அந்தத் தண்ணீரைக் கொட்டினால் உன்னைக் கொட்டுவது. கொட்டாமல் வைத்திருந்தால் கவிதாவிடம் அது என்ன என்று சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன். பானையை மட்டும் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று எனக்கு ஆசை வந்தது. சாம்பல் சுத்தமாக இருந்தது, துணி புதிது, யாருக்கும் எதுவும் தெரிய வராது. தெரசு இன்னும் ஒரு படி மேலே போனாள். "மாதா கோயில் தண்ணின்னு சொல்லிக் குடுத்தர்லாமுங்க. நாம குடுத்தா வாங்கிக்கும் அந்தப் புள்ளை. நான் கலக்கி உட்டேன்னு தெரிஞ்சா அது மூஞ்சியில எப்பிடி முழிப்பேனுங்க?" அவளுக்காகவே ஒரு பொய் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் நீ இரண்டடி தூரத்தில் பானைக்குள் இருந்தாய். ஊரில் எவன் கலந்தாலும் முகத்துக்கு நேரே சொன்னவன். உன் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் காலை கவிதா வந்தாள். சேலத்தில் ரயில் இறங்கி, அடிவாரத்தில் ஒரு கார் பிடித்து மேலே வந்திருந்தாள். செல்வியும் வந்திருந்தாள், வரச் சொல்லாமலே. மேசையில் பானையும் போசியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பூசணம், பொடி, சல்லடை, ஆணி, நாலு ஈடு, வேட்டி, தண்ணீர். எதையும் விடவில்லை. தெரசு உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

கவிதா பானைத் துணியைக் கொஞ்சம் விலக்கி முகர்ந்து பார்த்தாள். பிறகு செல்வியைக் கேட்டாள்.

"எல்லாம் போயிருச்சுங்களா?"

"இல்லைங்க்கா. உருண்டை வாசம் ஒரு துளி இருக்குது. தண்ணியில உப்பு அப்பிடியே இருக்குது. என்னால முடிஞ்சது இவ்வளவுதானுங்க."

கவிதாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப்போனேன். நிமிர்ந்தாள், சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. "எங்கப்பாவப் போயி பாச்சா உருண்டையில போட்டு வெச்சிருக்கீங்களே மாமா! எத்தனை தும்மல் தும்முனாரோ!" என்றாள். அந்தச் சிரிப்பு நின்றதும் எழுந்து கதவுப் பக்கம் போனாள். தெரசின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"அத்தை, இங்க பாருங்க. அப்பா தனியாக் கெடக்கறாரேன்னு நான் அங்க பன்னண்டு நாளாத் தூங்கலைங்க. நீங்க துணிய மாத்தி, பூசணம் பாத்து, பூச்சி பாத்து இருந்திருக்கீங்க. உங்க ஊட்டு வாசம் கொஞ்சம் கூடப் போனாப் போகட்டுமுங்க. அவரு ஒண்டியாப் போக வேண்டாம்."

தெரசு அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. நீ அவளை அப்படிப் பார்த்திருந்தால் உன் காந்தத்தைத் தூர எறிந்திருப்பாய்.

எல்லோருமாகக் கிளம்பினோம். பானை கவிதாவின் மடியில், போசி என் மடியில். கொண்டை ஊசி வளைவில் எல்லாம் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன். கூடுதுறையில் அமாவாசைக் கூட்டம். ஒரு புரோகிதர் கிடைத்தார். அவசரத்தில் இருந்தார். மந்திரம் சொல்லிக்கொண்டே பாதியில் நிமிர்ந்து கேட்டார்.

"பொண்ணு மட்டுந்தானுங்களா? பங்காளிங்க யாராச்சும் இருந்தா முன்னால வரச் சொல்லுங்க."

நான் இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றேன். நான் பங்காளியும் இல்லை, உங்கள் சாமியும் என் சாமி இல்லை. கழுத்தில் சிலுவைச் செயின் வேறு வெளியே தெரிந்தது. யாருமில்லை என்று அந்தப் பெண் இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்லப் போகிறாளோ என்றுதான் எனக்குக் கவலை.

அவள் திரும்பிப் பார்த்தாள். கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

"இருக்கறாருங்க. எங்க பெரியப்பா."

பிறந்த நாளிலிருந்து என்னை மாமா என்று கூப்பிட்டவள். புரோகிதர் பெயர் கேட்டார். சவரிமுத்து என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார், செயினைப் பார்த்தார், கவிதாவைப் பார்த்தார். "சட்டையக் கழட்டிட்டுத் தண்ணியில எறங்குங்க" என்றார்.

இறங்கினேன் மாப்ள. கவிதா பானையைக் கவிழ்த்தாள். நான் போசியைச் சாய்த்தேன். என் கையிலிருந்து நீ போன தண்ணீருக்கு நிறமே இல்லை. உப்பும் நீயும் சேர்ந்து போனீர்கள், நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏறி வந்ததும் கவிதா தன் துண்டால் என் தலையைத் துவட்டிவிட்டாள்.

இப்போது முறை என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார். தெரசுக்கு நீ அண்ணன். கவிதா சொன்னபடி எனக்கு நீ தம்பி. அப்படியானால் நானும் தெரசும் என்ன ஆகிறோம்? வேண்டாம், அந்தக் கணக்கை முழுதாகப் போடாதே. இந்த வயதில் எங்களைப் பிரித்து வைத்த பாவம் உனக்கு எதற்கு?

தை பிறந்தால் கவிதாவுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கிறார்கள். கூட வேலை பார்க்கிற பையன், நல்ல பையன், நான் பார்த்துவிட்டேன். பேச வருகிறவர்கள் பெண் வீட்டில் யார் என்று கேட்டால், இந்த முறை நான் பின்னால் தள்ளி நிற்க மாட்டேன். பாய் விரித்து முன்னால் உட்காருவேன். தாம்பாளம் மாற்றுகிற கை என் கையாக இருக்கும். அவள் இனி ஏற்காட்டுக்கு வந்தால் பூட்டிய வாசலில் நிற்க மாட்டாள். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
மாப்ளை முறையிலிருந்து உன் மகள் மாற்றிவைத்த
உன் அண்ணன்
சவரிமுத்து